ஆயிரம் யூனிட் வெயில், நாற்பது யூனிட் கரன்ட்

சென்னையில் ஒன்றரை கிரவுண்டு மனையில் நிற்கும் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தரைத்தளத்தில் மருந்துக்கடை, தையல்கடை, ஜெராக்ஸ் கடை. முதல் மாடியில் பல் மருத்துவமனையும் டியூஷன் சென்டரும். அதற்கு மேல் இரண்டு மாடிகளில் ஆறு குடும்பங்கள். புரசைவாக்கத்திலும் மயிலாப்பூரிலும் குரோம்பேட்டையிலும் இப்படிப்பட்ட கட்டடம் இல்லாத தெருவே இல்லை. இதன் மொட்டை மாடி சுமார் 2,000 சதுர அடி, அதாவது 186 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஐந்து யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகவே வெயில் விழுகிறது. பெருக்கிப் பார்த்தால், அந்த மாடியில் தினமும் ஏறத்தாழ ஆயிரம் யூனிட் ஆற்றல் வந்து இறங்குகிறது. கட்டடத்தில் இருக்கும் எல்லாரும் சேர்ந்து செலவழிப்பதைப் போலப் பல மடங்கு.

இதே மாடியில் நன்றாகத் திட்டமிட்டு சோலார் பேனல் போட்டால் கிடைப்பது நாளொன்றுக்கு நாற்பது யூனிட். மீதித் தொள்ளாயிரத்து அறுபதும் எங்கே போகின்றன? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் மேற்கூரை சோலார் திட்டத்தின் எல்லா மூலை முடுக்குக்கும் போய்விடலாம். கிடைக்கும் நாற்பது எவ்வளவு அருமையானது என்பதும் அப்போது தெரியும்.

முதல் பெரிய இழப்பு, பேனலைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மாடியின் நடுவிலோ ஓரத்திலோ மாடிப்படியின் ஹெட்ரூம், பக்கத்திலேயே லிஃப்ட் மெஷின் அறை, அவற்றின் தலையில் தண்ணீர்த் தொட்டி. சுற்றிலும் கைப்பிடிச் சுவர், டிஷ் ஆன்டெனாக்கள், துணிக்கொடிகள், ஏசியின் வெளி யூனிட்டுகள். பேனல்களைக் கழுவவும் பழுது பார்க்கவும் ஆள் நடக்க வழி வேண்டும். தீப்பிடித்தால் தீயணைப்பு வீரர்கள் வந்து நிற்க இடம் வேண்டும். இவை போக மிச்சமிருக்கும் இடத்திலும் நிழல் விழாத இடம்தான் கணக்கில் சேரும். ஒளியைத் தேடி மாடியேறுகிறவர் அங்கே முதலில் அளக்க வேண்டியது நிழலை.

நிழலை ஒரு நாள் பார்த்து முடிவு செய்ய முடியாது. டிசம்பர் 21 வாக்கில் சென்னையின் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அப்போது ஒரு மீட்டர் சுவருக்கு முக்கால் மீட்டர் நிழல். அதே நாள் காலை ஒன்பது மணிக்கு சூரியன் 33 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். ஒரு மீட்டர் சுவருக்கு ஒன்றரை மீட்டர் நிழல். ஹெட்ரூமும் தொட்டியும் சேர்ந்து ஐந்து மீட்டர் உயரம் என்றால், காலையில் ஏழரை மீட்டருக்கு மேல் வடமேற்காக நீளும் நிழல், மாலையில் வடகிழக்கே திரும்பிவிடுகிறது. தொட்டிக்கு வடக்கே விசிறி போல ஒரு பெரிய பகுதி டிசம்பரில் வீணாகிறது. மார்ச் மாத மதியத்தில் அதே இடத்தில் நின்று பார்ப்பவருக்கு அது நல்ல வெயில் காயும் இடமாகத்தான் தெரியும்.

ஜூன் மாதம் இன்னொரு கதை. சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒரு நாளும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் குச்சி நட்டுப் பார்க்கும் நிழலில்லா நாள் அதுதான். இரண்டுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதங்கள் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. தொட்டியின் நிழல் தெற்குப் பக்கம் விழுகிறது. நண்பகலில் அது ஒரு மீட்டர்கூட இருக்காது, ஆனால் காலை, மாலைகளில் நீளும். ஐரோப்பாவில் எழுதப்பட்ட கையேடுகள் பேனலைத் தெற்கு நோக்கி முப்பது, முப்பத்தைந்து டிகிரி சாய்க்கச் சொல்லும். ஜெர்மனியின் தாழ்ந்த சூரியனுக்கு அது சரி. தலைக்கு மேல் ஏறிச் செல்லும் நம் சூரியனுக்குப் பத்து முதல் பதினைந்து டிகிரி போதும். முழுக்கப் படுக்கையாக வைத்தால்கூட ஆண்டு முழுவதற்கும் சில சதவீதம்தான் குறையும். அப்படியும் படுக்கையாக வைக்காமல் இருப்பதற்குக் காரணம் மழை: பத்து டிகிரியாவது சாய்வு இருந்தால்தான் தூசி வழிந்து இறங்கும். இல்லாவிட்டால் பேனலின் கீழ் விளிம்பில் சேறு கட்டி அங்கே ஒரு நிரந்தர நிழல் உருவாகிவிடும்.

இந்த உச்சிச் சூரியன் நமக்கு ஒரு வசதியையும் தருகிறது. பேனல்களில் பாதியைக் கிழக்கு நோக்கியும் பாதியை மேற்கு நோக்கியும் கூரை ஓடு போலச் சரித்து வைக்கலாம். மொத்த உற்பத்தி கொஞ்சம்தான் குறையும். ஒரு வரிசையின் நிழல் அடுத்த வரிசையில் விழாமலிருக்க விடும் இடைவெளி மிச்சமாகும். உற்பத்தியும் நண்பகலில் மட்டும் குவியாமல் காலைக்கும் மாலைக்கும் பரவும். பல் மருத்துவரும் டியூஷன் சென்டரும் இருக்கும் கட்டடத்துக்கு இது மிகவும் பொருந்தும் என்பது என் எண்ணம். அவர்களுக்கு வேலை மும்முரமாக இருப்பது காலையிலும் சாயங்காலத்திலும்தானே.

நிழலுக்கு ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்? பேனலில் பத்தில் ஒரு பங்கு மறைந்தால் பத்தில் ஒரு பங்கு கரன்ட்தானே குறையும்? இல்லை. சோலார் பேனலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் எனக்கு மிக வியப்பானது இதுதான். ஒரு சிலிக்கான் செல் தரும் மின்னழுத்தம் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். அதை வைத்து எதையும் ஓட்ட முடியாது. அதனால் எழுபதுக்கு மேற்பட்ட செல்களைத் தொடராகக் கோத்து ஒரு பேனலில் நாற்பது வோல்ட் வரை கொண்டுவருகிறார்கள். அப்படி ஒன்பது பேனலைக் கோத்தால் சுமார் 370 வோல்ட்; அதை ஸ்ட்ரிங் என்பார்கள். தொடராகக் கோத்த எல்லாச் செல்களிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் ஓட முடியும். வரிசையாக நின்று செங்கலைக் கைமாற்றிக் கைமாற்றி மேலேற்றும் சித்தாட்களை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒருவர் தளர்ந்தால், மற்ற எல்லார் கையிலும் எவ்வளவு வலு இருந்தாலும், செங்கல் அவர் வேகத்தில்தான் ஏறும். அதே போல் ஒரு செல்லின் மேல் ஒரு பழுத்த அரசிலை ஒட்டிக்கொண்டால் போதும், அந்தச் செல் தரக்கூடிய மின்னோட்டம் மொத்த வரிசையின் அளவாகிவிடும். அதோடு நிற்பதில்லை. மற்ற செல்கள் தள்ளும் ஆற்றல் நிழல்பட்ட செல்லிலேயே வெப்பமாகக் கொட்டும். கருகிப்போன பேனல்களில் காணும் பழுப்புப் புள்ளி பல சமயம் இப்படி வந்ததுதான்.

இதைத் தடுக்க ஒவ்வொரு பேனலிலும் பொதுவாக மூன்று பைபாஸ் டையோடுகள் வைக்கிறார்கள். ஒரு பகுதி தளர்ந்தால் அந்த மூன்றிலொரு பகுதியை ஒதுக்கிவிட்டு மின்னோட்டம் மாற்று வழியில் போய்விடும். கை அகல நிழலுக்குப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு இழப்பு என்பது இப்போதும் பெரிய விலைதான். அதனால் நிழல் விழும் பேனல்களையும் விழாத பேனல்களையும் ஒரே ஸ்ட்ரிங்கில் கோக்கக் கூடாது. காலையில் நிழல் காண்பவை ஒரு ஸ்ட்ரிங், மாலையில் காண்பவை இன்னொன்று என்று பிரிக்க வேண்டும். முடியாத இடங்களில் ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக இயங்கவைக்கும் ஆப்டிமைசர் அல்லது மைக்ரோ இன்வெர்ட்டர் வைக்கலாம். செலவு கூடும். ஒரு துணிக்கொடியை நகர்த்தினால் தீரக்கூடிய சிக்கலுக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை.

இப்படி எல்லாம் கழித்த பிறகு நம் 2,000 சதுர அடியில் பாதி மிஞ்சும். ஒரு கிலோவாட்டுக்கு நிழலற்ற நூறு சதுர அடி என்பது தொழிலில் இருப்பவர்கள் போடும் மனக்கணக்கு. ஆக, பத்து கிலோவாட். 550 வாட் பேனல்கள் பதினெட்டு. அவற்றின் கண்ணாடிப் பரப்பு மட்டும் 46 சதுர மீட்டர். ஆயிரம் யூனிட் வெயிலில் இந்தக் கண்ணாடியைத் தொடுவது 250 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு.

அடுத்த இழப்பு சிலிக்கானுக்குள். ஒளித்துகள் ஒவ்வொன்றும் ஒரு எலெக்ட்ரானை அதன் பிணைப்பிலிருந்து விடுவிக்க, சிலிக்கானில் 1.1 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். அதற்குக் குறைந்த ஆற்றலுள்ள அகச்சிவப்புத் துகள்கள் செல்லுக்குள் எதையும் விடுவிக்காமல் கடந்துவிடும். நீல ஒளித்துகளுக்கோ தேவையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் உண்டு. ஆனால் அதுவும் ஒரே ஒரு எலெக்ட்ரானைத்தான் விடுவிக்கும், மிச்சம் சூடாகப் போகும். இந்த வரம்பை 1961-ல் வில்லியம் ஷாக்லியும் ஹான்ஸ் குவெய்சரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். சிலிக்கானுக்குக் கோட்பாட்டளவில் எட்டக்கூடிய உச்சம் சுமார் 29 சதவீதம். இன்று கடையில் வாங்கும் பேனல் 21, 22 சதவீதம் தருகிறது. எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் நான்கில் மூன்று பங்கைக் கடந்துவிட்டோம் என்று பொருள். 1884-ல் நியூயார்க்கில் ஒரு கட்டடத்தின் கூரையில் சார்லஸ் ஃப்ரிட்ஸ், செலினியத்தின் மேல் மெல்லிய தங்கப் பூச்சு பூசிய தகடுகளை அடுக்கினார். நகரக் கூரையில் சூரியனிலிருந்து மின்சாரம் எடுத்த முதல் முயற்சி அது. கிடைத்தது ஒரு சதவீதம் அளவுக்குத்தான். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் சிலிக்கானில் ஆறு சதவீதத்தைத் தொட்டபோதுதான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு உயிர் வந்தது.

பேனலில் எழுதியிருக்கும் வாட் கணக்கு, செல் 25 டிகிரியில் இருக்கும்போது சோதனைக்கூடத்தில் அளந்தது. கத்திரி வெயிலில் நம் மாடியில் செல் 65 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். நாற்பது டிகிரி கூடினால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். வெப்பம் அதற்குப் பகை. ஆகவே பேனலுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று ஓட இடம் விட வேண்டும். கோடைப் பிற்பகலில் கடற்காற்று திரும்பியதும் சென்னை மூச்சு விடுகிறதே, அதே காற்றில் பேனலும் கொஞ்சம் மீள்கிறது. இன்வெர்ட்டர், வயர், தூசி எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, கண்ணாடியைத் தொட்ட 250-ல் நம் கைக்கு வருவது நாற்பது.

வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது மேல்மாடிக் குடும்பங்களை மறக்கக் கூடாது. இரவு பத்து மணிக்கும் அனலாக இறங்கும் கூரையின் கீழ் அவர்கள்தான் படுக்கிறார்கள். சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2011-ல் தங்கள் கட்டடம் ஒன்றை வெப்பக் கேமராவால் அளந்து, பேனல் போட்ட கூரைக்கு வரும் வெப்பம் 38 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாகக் கண்டார்கள். எந்த மீட்டரிலும் பதிவாகாத லாபம் இது. கூட்டம் போட்டுப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோலாருக்கு முதல் மறுப்பு வருவதும் பெரும்பாலும் மேல்மாடியிலிருந்துதான்: தளத்தைத் துளைத்தால் ஒழுகுமே என்று.

அந்தப் பயம் நியாயமானது. நம் மொட்டை மாடிகளில் கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துத் தட்டிய சுருக்கி, அதன் மேல் தட்டோடு. ஆங்கர் போல்ட் அடிக்க அதைத் துளைத்தால் மழைநீருக்கு வழி திறந்துவிட்டோம். தட்டோட்டை அகற்றிவிட்டுச் சின்னக் கான்கிரீட் பீடங்களை வார்த்து, சுற்றிலும் மறுபடி நீர்த்தடுப்புச் செய்வது நல்லது. இன்னும் நல்லது, தூண்கள் மேலே வரும் இடங்களிலேயே, பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரின் கால்களை நிறுத்துவது.

அடுத்துக் கேட்பார்கள், கட்டடம் எடை தாங்குமா என்று. பேனலும் தாங்கியும் சேர்ந்து சதுர மீட்டருக்குப் பதினைந்து, இருபது கிலோ. ஆட்கள் நடமாடும் கூரைக்கு இந்தியத் தரநிலை சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும்படி வடிவமைக்கச் சொல்கிறது. சரியாகக் கட்டிய கான்கிரீட் கட்டடத்துக்கு இந்த எடை பொருட்டில்லை. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலை நிறுத்திக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் என்றால் மட்டும் பொறியாளர் பார்க்காமல் ஒரு பேனல்கூட ஏறக் கூடாது.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பேனலை மாடி பிடித்து வைத்துக்கொள்ளுமா? தரநிலை சென்னைக்குக் குறித்திருக்கும் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ எடைக்குச் சமம். இரண்டரை சதுர மீட்டர் பேனல் ஒன்றை அது ஏறத்தாழ 400 கிலோ விசையோடு மேலே பிய்த்துத் தூக்கக்கூடும். பேனலின் எடையோ முப்பது கிலோவுக்கும் குறைவு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரத்தின் மரங்களை வேரோடு சாய்த்துப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. மாடியை உபயோகிக்க வசதியாக இருக்கட்டும் என்று ஆள் உயரத்துக்கு மேல் ஸ்ட்ரக்சரை ஏற்றிக் கட்டுவது சென்னையில் வழக்கமாகிவிட்டது. கீழே துணி காயப்போடலாம், வடாம் பிழியும் இடம் மட்டும் போய்விடும். கைப்பிடிச் சுவரின் நிழலிலிருந்தும் பேனல் தப்பிக்கும். ஆனால் சுவரின் மறைவையும் அது இழக்கிறது. காற்று கீழே புகுந்து தூக்க இடம் கிடைக்கிறது. உயரமான ஸ்ட்ரக்சருக்குக் குறுக்குக் கம்பிகளும் பொறியாளரின் கையெழுத்தும் கட்டாயம் வேண்டும். விலைப்பட்டியலில் முதலில் வெட்டப்படும் வரி இதுவாக இருக்கக் கூடாது. கடற்கரைப் பக்கம் என்றால் துத்தநாகப் பூச்சு நன்றாக ஏறிய ஜிஐ இரும்பும், உப்புக் காற்றுச் சோதனையில் தேறிய பேனலும் வேண்டும். கழுவுவது போர்வெல் தண்ணீரிலா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரின் உப்பு வெள்ளைப் படலமாகக் கண்ணாடியில் படிந்தால் எளிதில் போகாது.

மாடியிலிருந்து இறங்கும் மின்சாரம் இன்வெர்ட்டருக்கு வருகிறது. நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்குவது அதன் வேலை. அதைவிட நுட்பமான வேலை, ஈ.பி. லைனைக் கவனித்துக்கொண்டே இருப்பது. லைனில் மின்னழுத்தம் நொடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்குகிறது. இன்வெர்ட்டர் அந்தத் தாளத்தைப் பிடித்து, அதே நொடியில் அதே திசையில் தன் மின்னோட்டத்தைச் சேர்க்கிறது. லைன் செத்துவிட்டால் இரண்டு நொடிக்குள் அதுவும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. உச்சி வெயிலில் பவர் கட் ஆனால் சோலார் இருந்தும் கட்டடம் இருண்டுபோகும். பலருக்கு இது பெரிய ஏமாற்றம். காரணம் தெருமுனைக் கம்பத்தில் இருக்கிறது. கரன்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிர், நம் மாடியிலிருந்து ஒரு சொட்டு மின்சாரமும் தெருவுக்குப் போகாமல் இருப்பதில் இருக்கிறது. லிஃப்டும் மாடிப்படி விளக்கும் மட்டுமாவது ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டரை ஆரம்பத்திலேயே திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

இன்வெர்ட்டரை எங்கே வைப்பது என்பதும் உயிர் சார்ந்த கேள்விதான். மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி தானாக அணைய வாய்ப்புண்டு. பேனல்களிலிருந்து வரும் நேர்மின்னோட்டத்துக்கு அந்தச் சுழியம் கிடையாது. பொறி பிடித்தால் எரிந்துகொண்டே இருக்கும். வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்கவும் முடியாது. துணிச்சுருளும் காகிதக்கட்டும் அடைந்த கடைகள் கீழே இருக்கும் கட்டடத்தில், நானூறு வோல்ட் நேர்மின் வயரை மாடிப்படி வழியாகத் தரைத்தளத்துக்கு இறக்குவதை நான் ஒப்ப மாட்டேன். இன்வெர்ட்டரும் துண்டிப்பு ஸ்விட்சும் மேலேயே நிழலில் இருக்கட்டும். கீழே இறங்குவது மாறுமின்னோட்டமாக இருக்கட்டும்.

கடைசியாக மீட்டர். இயற்பியலுக்கு இங்கே சிக்கலே இல்லை. மாடியில் பிறக்கும் மின்சாரத்தில் கட்டடம் அந்த நேரத்தில் செலவழிப்பது போக மிச்சம்தான் தெருவுக்குப் போகும். சிக்கல் மனிதர்களுடையது. மாடி எல்லாருக்கும் பொது. தையல்கடைக்காரருக்கும் அதில் பங்குண்டு, அவர் ஒரு நாளும் மேலே ஏறியிருக்க மாட்டார். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம், கடைகளுக்கு வணிகக் கட்டணம், மோட்டாருக்கும் லிஃப்டுக்கும் தனிப் பொது மீட்டர். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு, கடைகளுக்கு இல்லை. டெல்லியில் ஒரே சோலாரின் யூனிட்டுகளைப் பல மீட்டர்களுக்குப் பங்கிட்டுத் தரும் முறையை 2019-லேயே கொண்டுவந்தார்கள். அப்படிப் பங்கிட வழியில்லாத இடத்தில் பொது மீட்டரோடு இணைப்பதுதான் சண்டை குறைந்த வழி என்று நினைக்கிறேன். பராமரிப்புத் தொகை கடைக்காரர் உட்பட எல்லாருக்கும் குறையும்.

அப்படி இணைத்தால் விடிகாலை ஐந்து மணிக்குப் போடும் தண்ணீர் மோட்டாரைப் பதினொரு மணிக்கு மாற்றிவிடலாம். நிழல் போட்டு இடத்தை அடைத்துக்கொண்ட அந்தத் தொட்டி, மதிய வெயிலை மாலைக்குச் சேர்த்துவைக்கும் களஞ்சியமாகிவிடும். பேட்டரிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இத்தனையும் முடிந்தபின் தெற்கே அடுத்த மனையை எட்டிப் பாருங்கள். பேனலின் ஆயுள் இருபத்தைந்து ஆண்டு. இன்று அங்கே ஒற்றை மாடி வீடும் ஒரு முருங்கை மரமும் இருக்கலாம். சென்னை போகும் போக்கில் அந்த வீடு பத்தாண்டில் இடிபட்டு, 18 மீட்டர் உயரத்துக்கு அடுக்குமாடியாக எழக்கூடும். நம் கட்டடம் பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர்தான். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஐந்தாறு மீட்டர், டிசம்பர் நண்பகலில் நான்கு மீட்டர் நிழலை வடக்கே வீசும். இரண்டு கட்டடத்துக்கும் நடுவே விட்ட இடைவெளி போக, நம் தெற்கு விளிம்பின் முதல் வரிசை அதில் மாட்டிக்கொள்ளலாம். அதனால் அந்த வரிசையை இப்போதே தனி ஸ்ட்ரிங்காகக் கோத்துவிடுங்கள். அதன் கால்களை வெல்டிங் செய்யாமல் போல்ட்டால் முடுக்கி, வடக்கே நகர்த்த ஒரு பேனல் அகலம் இடம் விட்டு வையுங்கள்.